பாதியில் எழுந்து போனவர்கள்

சிதம்பரம்
10.2.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவர் என் பேச்சைக் கேட்பதில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் வலி விட்டதா? குனிந்து வேலை செய்கிறாளா? செய்தால் எனக்கு எழுது, நான் வந்து திட்டுகிறேன்.

உன் அப்பாவிடம் போனில் பேசினேன். கரும்பு டிராக்டரோடு ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறானாம். ஏப்ரல் முடிகிறவரை இப்படித்தான் என்கிறான். 22ஆம் தேதி சனிக்கிழமை உங்கள் ஊரில் மாரியம்மாள் குழுவின் நாடகம். மேடை, சாப்பாடு எல்லாம் மைக் செட் ராஜ்கமல் பார்த்துக்கொள்வான். கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை. நீ எழுது.

அப்பா சொல்லியிருப்பான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச்சுற்றில் ஒன்பது ஊர். ஒன்பதும் சேர்ந்து ஒரு குழுவை அழைக்கிறோம், குழு ஊர் ஊராகப் போகிறது. ஆட்டம் நடந்த மறுநாள் அந்த ஊரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வரவேண்டும். ஆட்டம் நன்றாக இருந்ததா என்று எழுதாதே. ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று எழுது. எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள், யார் எழுந்து போனார்கள். போனில் கேட்டால் எல்லாரும் 'சூப்பர்க்கா' என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முடிவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போனால் அந்த ஆட்டம் அடுத்த ஊருக்குப் போகாது. ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, ஊர்தான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காததை எழுதினவர் அந்த வருஷம் முழுக்க எழுதக்கூடாது. போன வருஷம் புவனகிரி சேரன் வீட்டில் படுத்துக்கொண்டு மகன் சொன்னதை எழுதி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

மாரியம்மாள் குழுவை நான்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன். கடலூர் முதுநகர்ப் பெண்கள் ஐந்து பேர். இதுவரை மூன்று ஊர் நன்றாகப் போயிற்று. உன் ஊர் நான்காவது.

நீ மேடைப் பக்கம் போகவேண்டாம், யாரிடமும் பேசவேண்டாம். பின்னால் நின்று பார்த்தால் போதும். அதற்காகத்தான் உன்னைக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. உனக்கும், கேட்காமலே.

அத்தை
தில்லையம்மாள்


மேல்பட்டாம்பாக்கம்
23.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். அம்மா குனியவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார் அம்மா.

நாடகம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து எல்லார் முதுகும் தெரியும். நூற்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் ஜாஸ்தி.

நாடகத்தின் பெயர் 'ஆட்டுக்கிட்ட சொல்லு'. ஒரு புருஷன் பதினோரு வருஷமாகப் பெண்டாட்டியிடம் பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றாலும் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டிடம்தான் சொல்வான். பெண்டாட்டியும் ஆட்டிடம்தான் பதில் சொல்வாள். மாரியம்மாள் அக்காதான் புருஷன். ஒட்டுமீசை வைத்திருந்தார். ஆடு பொம்மை ஆடு.

புருஷன் ஆட்டைப் பார்த்து, "கொழம்புல உப்பு இல்லன்னு அவகிட்ட சொல்லு" என்றதும் முன்வரிசையில் சிரித்தார்கள். நடுவரிசையில் சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்தார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசைக்கு வரும்போது புருஷன் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டான். எங்கள் ஊரில் சிரிப்பு மெதுவாகத்தான் பின்னால் வரும் என்று நேற்றுதான் தெரிந்தது. கொத்தனார் அன்புமணி ஒருவர்தான் கொட்டாவி விட்டார். அவர் கல்யாணத்திலும் கொட்டாவி விடுவார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பெண்டாட்டி வேடம் போட்டவர் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீயாவது என் பேரச் சொல்லிக் கூப்புடேன்" என்றார். அப்போது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு கும்பலாக எழுந்தார்கள். எண்ணினேன். எழுபத்து மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். பாதிக்கு மேல்.

அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மறவாத
வெண்மதி


சிதம்பரம்
1.3.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சிவராத்திரிக் கூட்டம் தெருவில் நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்தில் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கொத்தனார் கொட்டாவிக்கு அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலி மறந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததில்லை. உன் அப்பா 'கூட்டம் நல்ல கூட்டம்' என்று ஒரு வரி எழுதுவான்.

ஆனால் கடைசிப் பத்தியை இரண்டுமுறை படித்தேன். மூன்று ஊரில் கொண்டாடிய நாடகம் உங்கள் ஊரில் ஏன் எடுபடவில்லை? நான் சிபாரிசு செய்தது என்பதற்காக விதியை வளைக்க முடியுமா? மீதி ஐந்து ஊருக்கும் சொல்லிவிட்டேன், மாரியம்மாள் குழு வராது என்று. ராஜ்கமலிடம் கேட்டேன், 'சூப்பர்க்கா' என்றான். போன வருஷம் மேடை சரிந்து விழுந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னான்.

ஒன்று கேட்கிறேன். குழுவுக்குத் துண்டு போர்த்தினீர்களா? யார் போர்த்தியது? பாதிப் பேர் போய்விட்டாலும் வந்தவர்களுக்கு மரியாதை செய்து அனுப்ப வேண்டும். அதை நீ எழுதவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அத்தை


மேல்பட்டாம்பாக்கம்
5.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அம்மா வெங்காய வடகம் போட்டிருக்கிறார். நன்றாகக் காய்ந்ததும் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறோம். நெல்லிக்குப்பம் பக்கம் தூசி அதிகம் என்று அப்பா இருமிக்கொண்டு வந்தார். ஒரு நாள் தங்கிவிட்டுப் போனார்.

துண்டு போர்த்தினார்கள். ராஜ்கமல் அண்ணன் போர்த்தினார்.

அத்தை, எழுந்து போனவர்கள் ஒருவேளை திரும்பி வந்திருந்தால், அது எழுந்து போனதாக ஆகுமா? சும்மா கேட்கிறேன்.

மாமாவின் காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வெண்மதி


சிதம்பரம்
12.3.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

இங்கே எல்லாரும் நலம். வடகத்துக்கு மாமா இப்போதே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உன் 'சும்மா' எனக்குப் பிடிபடவில்லை. நம் வீட்டில் யாரும் சும்மா எதையும் கேட்டதில்லை. உன் அப்பா சின்ன வயதில், 'கிணத்துல வாளி விழுந்தா என்னா பண்ணுவாங்க, சும்மா கேக்குறேன்' என்று கேட்டபோது வாளி ஏற்கெனவே கிணற்றில் இருந்தது. யாராவது திரும்பி வந்தார்களா? நீ பார்த்தாயா? நேராக எழுது.

மாரியம்மாளிடம் நானே போனில் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "கடுதாசியில இன்னா எழுதியிருக்கோ அதான்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். விதிப்படி அவள் அதற்கு மேல் பேசக்கூடாது, பேசவும் இல்லை. மீன் காயவைக்கிற வேலைக்கே திரும்பப் போய்விட்டாளாம். ஐந்து பேரில் இரண்டு பேர் வேறு வேலை தேடுகிறார்கள் என்று கேள்வி. அந்தக் குழு கலைந்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம்.

இன்னொரு செய்தி. உன் கடிதத்தை மற்ற ஊர்க்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். நெல்லிக்குப்பம் மங்கலம், "எங்க ஊருக்கும் இந்தப் பொண்ணே வந்து எழுதட்டும்" என்கிறாள். அடுத்து வரும் பறையாட்டக் குழுவுக்கு நீ இரண்டு ஊரிலும் எழுத வேண்டும். உனக்குச் சந்தோஷம்தானே?

பதில் போடு.

அத்தை


சிதம்பரம்
4.4.2025

வெண்மதி கண்ணு,

மூன்று வாரம் ஆகிறது. வடகம் வந்தது, கடிதம் வரவில்லை. வடகம் நன்றாக இருந்தது, ஆனால் அதைப் படிக்க முடியவில்லை.

நேற்று போன் செய்தேன். அம்மா, "தூங்குறா அண்ணி" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு, பக்கத்தில் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு எப்படித் தூங்குவாய்? உனக்குப் போனில் பேச வராது, தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? என்மேல் கோபமா?

எதுவாக இருந்தாலும் எழுது. நான் படிக்கிறவள்தான், கடிக்கிறவள் இல்லை. மாமா பக்கத்தில் இருந்துகொண்டு அது பொய் என்கிறார்.

அத்தை


மேல்பட்டாம்பாக்கம்
9.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவும் நலம். நான் தூங்கவில்லை. அம்மாவைப் பொய் சொல்ல வைத்ததும் நான்தான்.

அன்றைக்கு எழுபத்து மூன்று பேர் எழுந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். அது உண்மை. கூட்டம் கலைகிறதைப் பார்த்து ராஜ்கமல் அண்ணன் மேடை ஓரத்திலிருந்து மைக்கில், "நம்ம அரசு அண்ணன் பொண்ணு வெண்மதி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், குழுவுக்குத் துண்டு போத்தணும்" என்று சொன்னார். மிச்சம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு மைக் சத்தம் கேட்காது. நாடகம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை குழாயடியில் எதிர்வீட்டுக் கயல்விழி அக்கா சொன்னார். எழுந்து போனவர்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷனை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்களாம். 'எங்க வீட்டு ஆளும் பாக்கணும், மொதல்லேர்ந்து போடுங்க' என்று கேட்டார்களாம். மாரியம்மாள் அக்கா திரும்ப முதலிலிருந்து நடித்துக் காட்டினார்களாம்.

அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நான் அங்கே இல்லை என்று தெரிந்துவிடும். பார்க்காமல் எழுதியவர் எழுதக்கூடாது. பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதில் விட்டதும் இப்படித்தான் அத்தை. அம்மா ஆபரேஷனுக்காக மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். அம்மா எழுந்து நடந்த பிறகு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று நான்தான் போகவில்லை. அம்மாவைக் காரணம் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை இந்தக் கடிதம். நெல்லிக்குப்பத்துக்கும் எழுதச் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

என் கடிதத்தால்தான் அவர்கள் மீன் காயவைக்கப் போய்விட்டார்கள். நீங்கள் சேரன் அவர்களுக்குச் செய்ததையே எனக்கும் செய்யுங்கள். நாடகத்தை மட்டும் திரும்ப விடுங்கள்.

மாமாவிடம் இதைப் படித்துக் காட்டவேண்டாம்.

வெண்மதி


சிதம்பரம்
14.4.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

சித்திரை ஒன்றும் அதுவுமாய் எழுதுகிறேன். வீட்டில் பாயசம். மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் அழுததைப் பார்த்து அவரே எடுத்துப் படித்துவிட்டார்.

முதலில் விதி. இந்த வருஷம் ஊர்ச்சுற்றுக்கு நீ கடிதம் எழுதக்கூடாது. பறையாட்டத்துக்கு மங்கலமே எழுதிக்கொள்வாள். சேரனுக்கு ஒன்று, என் தம்பி மகளுக்கு ஒன்று என்று நான் செய்ய முடியாது. எனக்கு எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு எழுது.

இரண்டாவது, என் தவறு. 'அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை' என்ற வரியைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொத்தனார் கொட்டாவியை எழுதினவளுக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போகுமா? நான் கொண்டுவந்த ஆட்டம் தோற்றுவிட்டதே என்ற கோபத்தில் அவசரப்பட்டேன். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் சிக்கல். சேரனிடம் ஆள் மூலம் சொன்னேன். "போன வருஷம் எனக்கு ஒரு சட்டம். இப்ப சொந்தக்காரப் பொண்ணு கடுதாசிய மாத்தி எழுதினா ஒத்துக்கணுமா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அவர் கேட்பதும் நியாயம். எழுந்து போனவர்கள் தாங்களே சொன்னால்தான் செல்லும். மே 4ஆம் தேதி ஒன்பது ஊரும் இங்கே கூடுகிறோம். அதற்குள் யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். உன் அப்பா ஆலை வாசலை விட்டு நகர முடியாது. ராஜ்கமல் போனால் எல்லாருக்கும் சேர்த்து 'சூப்பர்' என்று அவனே எழுதிவிடுவான்.

நீ போ என்று நான் சொல்லமாட்டேன். யாரும் போகாவிட்டால் நாடகம் திரும்பாது, அவ்வளவுதான்.

பாயசத்தில் உன் பங்கை மாமா சாப்பிட்டார்.

அத்தை


மேல்பட்டாம்பாக்கம்
27.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். அம்மா இப்போது குடம் தூக்குகிறார், திட்ட வேண்டும் என்றால் வரலாம். உங்கள் காதுவலி எப்படி இருக்கிறது? அப்பா சொல்லித்தான் தெரியும். நீங்கள் எழுதவே இல்லை.

நான்தான் போனேன். முதல் நாள் மூன்று வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நான்காவது கயல்விழி அக்கா வீடு. அவரே கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.

"எங்க ஆளு டீக்கடையில கெடந்தாரு. 'வாய்யா, ஒன்னப் பத்தி மேடையில ஒருத்தி மீச வெச்சிக்கினு சொல்றா'ன்னு இட்டாந்தேன். நாலு வருசத்துல அன்னிக்குதான் என் பக்கத்துல ஒக்காந்தாரு. எழுதிக்கோ" என்றார்.

"அதெல்லாம் எழுதணுமாக்கா?"

"எழுதுடி. சிதம்பரம் வரைக்கும் தெரியட்டும்."

அன்புமணி வீட்டில் அவர்தான் கதவைத் திறந்தார். "ஏம்மா, நீ பேசுவியா? ஒன்ன வாய் பேசாத பொண்ணுன்னு இல்ல நெனச்சேன்!" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏய், அரசு பொண்ணு பேசுது, வந்து பாரு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கையெழுத்து வாங்காமல் வரவில்லை. நடுவில் எழுந்து போய் நாத்தனாரை அழைத்து வந்ததாக அவர் பெண்டாட்டி சொன்னார். தன் கொட்டாவியை நான் எழுதியது கொத்தனாருக்குத் தெரியாது.

மேலத்தெருவில் ஒரு வீட்டில் பொங்கலிலிருந்து உண்மையாகவே பேச்சு இல்லை. அந்த அக்கா என்னைப் பார்த்து, "இவரத்தான் நான் அன்னிக்கி இட்டுக்கினு போனேன், வந்தாரா இல்லையான்னு கேளு" என்றார். அவர் என்னைப் பார்த்து, "வந்தேன்னு சொல்லு" என்றார். இரண்டு பேரும் ஒரே வரியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே பேனாதான் இருந்தது, அதனால் கைமாற்றிக் கொள்ள வேண்டியிருந்தது.

எல்லாமே நமக்குச் சாதகமாக இல்லை அத்தை. எழுபத்து மூன்று பேரில் அறுபத்தொரு பேர் திரும்பி வந்தார்கள், கூட ஐம்பத்து நான்கு பேரை அழைத்து வந்தார்கள். ஒன்பது பேர் உண்மையாகவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் டிவி சீரியல் பார்க்க, இருவர் குழந்தை அழுததால், மற்றவர்கள் பிடிக்காமல். "ஆட்டுக்கிட்ட பேசறதெல்லாம் ஒரு நாடகமா?" என்று ஒருவர் கேட்டதையும் எழுதியிருக்கிறேன். மூன்று வீடு பூட்டியிருந்தது, மூன்று முறை போய்ப் பார்த்தேன். திரும்பாதவர்களில் என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏழு தாள்கள். தனியாகப் பதிவுத் தபாலில் வருகிறது.

காதில் எண்ணெய் விடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

வெண்மதி


சிதம்பரம்
5.5.2025

அன்புள்ள வெண்மதிக்கு,

டாக்டரிடம் போனேன். நீ சொன்னாய் என்று போனேன், மாமா சொல்லி இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். இப்போது வலி இல்லை. குடம் தூக்குகிறவளை அடுத்த மாதம் நேரில் வந்து கவனிக்கிறேன்.

நேற்று கூட்டம். உன் ஏழு தாளையும் நான் படிக்கவில்லை. நான் படித்தால் சொந்தக்காரி ஆகிவிடும். சேரனிடமே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். கயல்விழி வரும்போது சிரிப்பை அடக்கிப் பார்த்தார். ஒரே பேனாவுக்கு வந்தபோது முடியவில்லை, தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிடிக்காமல் போனவர்கள் பெயரையும் படித்தார். கடைசியில் உன் பெயர் வந்தது. தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "இது செல்லும்னு அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றார். நான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆக நாடகம் மீதி ஐந்து ஊருக்கும் போகலாம். தேதி இன்னும் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. மாரியம்மாள் என் போனை எடுப்பதில்லை. இன்று காலை மாமா கடலூருக்கு நேரில் போனார். டீ கொடுத்தாளாம், முழங்காலை விசாரித்தாளாம். நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும், "வேல இருக்குது மாமா" என்று எழுந்து போய்விட்டாளாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். அதற்குள் நடக்காவிட்டால் இந்த வருஷம் போனதுதான்.

நீ செய்யவேண்டியதைச் செய்துவிட்டாய். இனி அது என் பாடு. நிம்மதியாகத் தூங்கு, மத்தியானம் மூன்று மணிக்கும்கூட.

உன்
அத்தை


மேல்பட்டாம்பாக்கம்
12.5.2025

அன்புள்ள அத்தைக்கு,

காது சரியானதில் எங்களுக்குச் சந்தோஷம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு நாளாகத் தூங்குகிறார். அம்மா நலம். இதைப் படிக்கும்போது மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நான் தனியாகக் கடலூர் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னேன். டவுன் பஸ்ஸில் போய், ஷேர் ஆட்டோ பிடித்து முதுநகர். மாரியம்மாள் அக்காவைக் கண்டுபிடிக்க நான்கு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. நான்கு பேரிடமும் கேட்டேன்.

மணலில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மீசை இல்லாமல் அடையாளம் தெரியவில்லை. கூட இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். நான் தார்ப்பாய் ஓரமாக நின்றேன்.

"இன்னா வேணும்? நெத்திலியா?" என்றார்.

"மேல்பட்டாம்பாக்கத்திலேர்ந்து வரேன்க்கா."

அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பச்ச சுடிதாரு. தண்ணித் தொட்டி ஓரமா நின்ன பொண்ணு."

"எப்படிக்கா தெரியும்?"

"மேடையில நிக்கிறவளுக்கு எல்லாந் தெரியும். மைக்குல பேரு சொன்னதும் ஓடுனியே, நான் வசனத்த மறந்துட்டேன். ஆட்டையே பாத்துக்கினு நின்னேன்." மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பொம்பளைங்க எல்லாம் எழுந்து போவும்போது ஆட்டம் அவ்ளோதான்னு நெனச்சேன். அப்புறம் திரும்பி வந்தாங்க. ஒவ்வொருத்தியும் ஒரு ஆளோட வந்தா. நீ வருவியான்னு தொட்டியையே பாத்தேன். நீ வரல."

"அந்தக் கடுதாசிய எழுதினது நான்தான்க்கா."

"அதுவும் தெரியும். ஓடிப்போனவதான் அப்புடி எழுதுவா."

மாமாவுக்குக் கொடுத்ததைப் போல எனக்கும் டீ கொடுப்பார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். டீயும் கொடுக்கவில்லை. திரும்பக் கருவாடு புரட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் உட்கார்ந்து புரட்டினேன். ஒரு தார்ப்பாய் முடிந்து இரண்டாவதற்குப் போனோம். வெயில் தாங்க முடியவில்லை. 

பிறகு நான்தான் பேசினேன். "கடைசியில அந்தப் புருஷன் பேசுவானாக்கா?"

அவர் நிமிர்ந்தார். "ஒனக்குத் தெரியாதா?"

"அறுபது வீட்டுக்குப் போனேன். நானும் பாத்தேன்னு நெனச்சிக்கினு யாருமே சொல்லல. எனக்கும் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அப்போதுதான் அத்தை அவர் சிரித்தார். மீசை வைத்திருந்தபோது சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. "ஊரே பாத்துச்சு, எழுதினவ பாக்கலியா!" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதில் ஒரு பெண், மேடையில் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டவர், "சொல்லிடாதக்கா, வந்து பாக்கட்டும்" என்றார்.

"எங்க வந்து பாக்கறது? நமக்குத்தான் மேட கெடையாதே" என்று அவரைப் பார்த்தே சொன்னார் மாரியம்மாள் அக்கா. ஆனால் என்னிடம்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்குதுக்கா. ஒங்களுக்காக வெச்சிருக்காங்க."

"எந்த ஊரு? எந்தத் தேதி?"

தேதி இன்னும் வைக்கவில்லை என்று சொன்னால் அவர் திரும்பவும் குனிந்துவிடுவார் என்று தோன்றியது. "வர்ற ஞாயித்துக்கெழம. பதினெட்டாந்தேதி. ஏழு மணிக்கு. புவனகிரி" என்று சொல்லிவிட்டேன். மீதி ஐந்து ஊரில் முதலில் வாயில் வந்தது அதுதான், சேரன் அவர்களின் ஊர். சத்தமாகவும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தூரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மற்ற மூன்று பேரையும் பார்த்தார். ஐந்தாவது பெண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, "ஆட்ட எடுத்துத் தொடைச்சி வையிடி" என்றார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை புவனகிரியில் நாடகம் அத்தை. அங்கே மேடை இருக்கிறதா, மைக் இருக்கிறதா, அன்று ஊரில் வேறு ஏதாவது இருக்கிறதா, எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் வருகிறேன், முன்வரிசையில் உட்காருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ராஜ்கமல் அண்ணனிடம் இன்று காலை நானே போய்க் கேட்டேன், மைக் செட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னார். 'சூப்பரா பண்ணிடலாம்' என்றார்.

மிச்சம் நீங்கள்தான் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர புதன்கிழமை ஆகிவிடும். சேரன் அவர்களிடம் நீங்கள் நேராகவே பேசவேண்டியிருக்கும். மாமா வழியாகச் சொல்லி அனுப்ப நாள் இல்லை.

கோபம் தணிந்ததும் பதில் எழுதுங்கள்.

உங்கள்
வெண்மதி